எர்மீனியாவின் அறுபத்து மூன்று பாதிகள்

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் ஷொரீசுத் தொத்திறைச்சி போட்ட கீரை சூப்பை இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். எர்மீனியா கண்ணை மூடி ஏழு வாரம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை என்றால் கை தானாக இரண்டு கிண்ணம் எடுக்கிறது.

நல்லவேளை, துவார்த்தே வந்தான். எர்மீனியாவின் ஒரே மகன், ஞானஸ்நானத்தில் நான் கையில் ஏந்தி நின்ற ஞானமகன். நாற்பத்தாறு வயது, நகரப் பேருந்து ஓட்டுகிறான். அம்மாவின் கிண்ணத்தை அவனுக்குக் கொடுத்தேன். பாதி குடித்தபின் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: "ஞானம்மா, அம்மா படம் வரைவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என்ன படம் என்றேன். வீட்டைக் காலி செய்யும்போது பேஸ்மென்டில் பாய்லருக்குப் பின்னால் ஒரு கம்பியைப் பார்த்தானாம். அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஓர் அட்டை. எங்கள் கோட்டுத் தொழிற்சாலையின் பேட்டர்ன் அறையில் துணி வெட்டுமுன் அளவு வெட்டுவோமே, அதே பழுப்பு அட்டை. மொத்தம் அறுபத்து மூன்று. எல்லாம் மனிதர்கள், எல்லாரும் பாதி. பாதி நெற்றி, ஒரு கண், பாதி வாய், ஒரு தோள். நடுவில் நேராக ஒரு கோட்டோடு நின்றுவிடுகிறார்களாம்.

ஆற்றங்கரைப் பழைய மில்லில் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போன் செய்தானாம். அவர்கள் வந்து பார்த்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டார்கள். மே மாதம் கண்காட்சி.

நான் சந்தோஷம்தான் பட்டேன். அவன் போன பிறகுதான் எரிச்சல் வந்தது. இருபத்தாறு வருடம் ஒரே மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் வரைவாள், நான் வெட்டுவேன். மலச்சிக்கல் என்றால்கூட எனக்குத்தான் முதலில் சொல்வாள். இதை ஏன்டி சொல்லல?

மார்ச் 14, வியாழன்

கலைக்கூடத்துக்குப் போனேன். பொறுப்பில் இருக்கிற பெண்ணின் பெயர் கொரின். முப்பது வயதிருக்கும், மெல்லிய குரல், மரியாதை தெரிந்தவள். பத்துப் படங்களுக்கு ஏற்கெனவே பிரேம் போட்டுவிட்டார்கள். சுவரில் ஒட்டப்போகும் வாசகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். இந்த ஊரில் பாதி, பிறந்த தீவில் பாதி என்று கிழிந்துபோன ஒரு பெண், கணவனை இழந்த பிறகு அந்த உடைவை வரைந்திருக்கிறாள் என்று போய்க்கொண்டே இருந்தது.

கிழிந்துபோனவளா? எர்மீனியாவா? ஐந்து மாதக் கர்ப்பத்தில் சூப்பர்வைசரை லிஃப்டிலிருந்து இறக்கிப் படியேற வைத்துவிட்டுத் தான் ஏறிப் போனவள் அவள். எங்கே உடைந்தாள்?

படத்தைப் பார்த்தேன். நடுவில் அந்த நேர்க்கோடு. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஒரு தாளும் கத்தரியும் கேட்டேன். தாளை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதிக் காலர் வரைந்து, வெட்டி விரித்துக் காட்டினேன். முழுக் காலர். பேட்டர்ன் அறையில் பாதிக்கு மேல் யாரும் வரைய மாட்டோம்; அடுத்த பாதி மடிப்பிலிருந்து தானாக வரும்.

"இதுல யாரும் உடையல, பொண்ணே. இவங்க எல்லாம் மடிப்புல நிக்கறவங்க. விரிச்சுப் பாத்தா முழுசா இருப்பாங்க" என்றேன்.

கொரின் அந்தக் காலரை வாங்கி, மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். கண்ணெல்லாம் ஈரம். வாசகத்தை மொத்தமாக மாற்றுகிறேன் என்றாள்.

மார்ச் 15, வெள்ளி

பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அவளைத் தெரிந்தவள் நான்தான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கொரின் ஒரு யோசனை சொன்னாள், நல்ல யோசனை. படத்தைத் தொடாமல், நேர்க்கோட்டை ஒட்டிச் செங்குத்தாக ஓர் ஒடுக்கமான கண்ணாடி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பாதி முகம் கண்ணாடியில் முழு முகமாகிவிடும். அறுபத்து மூன்று படத்துக்கும் அறுபத்து மூன்று கண்ணாடி. மாதிரிக்கு நான்கு வைத்துக் காட்டினாள். இஸ்திரிப் பிரிவில் இருந்த ஃபவுஸ்தீனோ முழு முகத்தோடு என்னைப் பார்த்து முறைத்தான். செத்துப் பத்து வருடமாகியும் அதே முறைப்பு. சிரித்துவிட்டேன்.

சிலர் சரியாக வரவில்லை. முழுசானதும் யாரோ போல ஆகிவிடுகிறார்கள். பரவாயில்லை, மனிதனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவா இருக்கிறது என்று நானே சமாதானம் சொன்னேன்.

மற்ற படங்களை கொரினின் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் பேர் எங்கள் தொழிற்சாலை ஆட்கள். எர்மீனியாவின் கணவர் ஜில் இருக்கிறார். துவார்த்தே இருக்கிறான். கான்டீன்காரி இருக்கிறாள். நான் எங்கே?

துவார்த்தேயிடம் கேட்டேன். இருப்பீங்க ஞானம்மா, பாதி முகத்துல அடையாளம் தெரியல என்றான். எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது என் நோட்டு. இதிலாவது பொய் வேண்டாம். எனக்கு அது பெரிய விஷயம்தான்.

ஏப்ரல் 18, வியாழன்

ஊர்ப் பத்திரிகையில் என் படம், கையில் கத்தரியோடு. தோழியின் பாதிகளை முழுமையாக்கியவர் என்று போட்டிருக்கிறார்கள். கடையில் இறைச்சி வெட்டுகிறவன்கூட விசாரித்தான். கொஞ்சம் குண்டாகத் தெரிகிறேன். கோட்டைக் கழற்றியிருக்க வேண்டும்.

துவார்த்தே அழைப்புப் பட்டியலோடு வந்தான். பழைய ஆட்கள் நாற்பது பேர். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "ஸுல்மீரா அத்தையக் கூப்பிடட்டுமா?" என்றான். கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்றேன். பெயரை அடித்தான்.

ஒன்பது வருடமாயிற்று. பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம். சங்கத்தின் சார்பில் கேட்டில் நின்றவள் நான். ஆறாம் நாள் காலையில், தையல் பிரிவு ஸுல்மீரா குனிந்த தலையோடு எங்களைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி, இருநூறு பேர் முன்னால் முதுகில் குத்தியவள் என்று கத்தினேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

எர்மீனியா பேட்டர்ன் அறைக்கு வருமுன் ஸுல்மீராவின் பக்கத்துத் தையல் மெஷினில் இருந்தவள். அவளால் இருவரையும் விட முடியவில்லை. செவ்வாய் என் வீடு, வியாழன் அவள் வீடு. எனக்குத் தெரியும். அவ பேர என் வீட்டுல எடுக்காத, எடுத்தா நீயும் வராத என்று ஒரே தடவைதான் சொன்னேன். எர்மீனியா ஒன்பது வருடம் அந்தப் பெயரை எடுக்கவில்லை. சொன்னால் சொன்னபடி நிற்பவள்.

மே 2, வியாழன்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. நாளை மறுநாள் திறப்பு. கண்ணாடிகளைத் துடைக்க நானும் போனேன். ஒரு படத்தின் சட்டம் மட்டும் விரிசல் விட்டிருந்ததால் அட்டையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். சும்மா கையில் எடுத்தேன்.

பேட்டர்ன் அட்டையை யார் எடுத்தாலும் கட்டைவிரல் முதலில் ஓரத்தைத்தான் தடவும். தடவியது.

நாட்ச்.

அந்த நேர்க்கோட்டு ஓரத்தில் அரைக்கால் அங்குல ஆழத்துக்குக் குட்டிக் குட்டி வெட்டுகள். கீழே ஒன்று, நடுவில் இரட்டை, மேலே ஒன்று. முகம் அட்டையின் விளிம்பு வரை போகவும் இல்லை. அரை அங்குலம் இடம் விட்டிருக்கிறாள். பிரேம்காரர் அந்த அரை அங்குலத்தை பார்டர் அட்டைக்குள் மறைத்துவிட்டார். போன் படத்திலும் அது இல்லை.

மடிப்புக்கு நாட்ச் கிடையாது. மடிப்புக்கு இடம் விடமாட்டார்கள். அரை அங்குலம் விட்டு நாட்ச் கொத்தினால் அது தையல். இன்னொரு துண்டோடு சேர வேண்டிய ஓரம்.

இன்னும் ஐந்து பிரேமைக் கழற்றச் சொன்னேன். கோளாறு இருக்கிறதா என்று கேட்டாள் கொரின். ஒன்றுமில்லை, தூசி என்றேன். ஐந்திலும் நாட்ச் இருந்தது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில்.

அய்யோ தெயோலிந்தா. முதல் நாள் ஓரத்தைப் பாக்கணும்னு உனக்குத் தோணலியே. ஜெயிக்கணும்னு அவசரம்.

மே 3, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு, கொரினையும் துவார்த்தேயையும் உட்கார வைத்து. கண்ணாடி அத்தனையும் தப்பு, நான் சொன்னது தப்பு, திறப்பைத் தள்ளி வையுங்கள் என்று.

கொரின் வெளிறிப்போனாள். இனிப்பு ரொட்டிவரை சொல்லியாகிவிட்டது, மேயர் வருகிறார். துவார்த்தே என் கையைப் பிடித்து, இது வெளியில் யாருக்கும் தெரியப்போவதில்லை, பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். பத்திரிகையில் வந்தது என்ன ஆவது என்றும் கேட்டான். என்மேல் உள்ள பாசத்தில்தான்.

"உங்கம்மா தப்பா ஒரு நாட்ச் கொத்தி நான் பாத்ததில்ல. அவ வேலையத் தப்பா மாட்டிட்டு நான் எப்படிடா செவ்வாக்கிழமை அடுப்பு மூட்டுவேன்?"

கொரின் போனை எடுத்தாள். மே 25க்குத் தள்ளியாயிற்று. இன்று என் மூக்கை நானே உடைத்துக்கொண்டேன். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் நிமிர்ந்து நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

மே 7, செவ்வாய்

மூன்று நாளாக அட்டைகளை மேசை முழுக்கப் பரப்பி ஜோடி தேடுகிறோம். கொரின் கண்ணையும் உதட்டையும் பார்த்துச் சேர்க்கிறாள், புருஷனோடு பெண்டாட்டியை வைக்கிறாள். நாட்ச் சேரவில்லை. நான் மேலிருந்து அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிப் பார்த்தேன். அதுவும் சேரவில்லை. வாழ்நாளில் லட்சம் நாட்ச் வெட்டியிருப்பேன். ஒன்றைக்கூட இன்னொன்றோடு சேர்த்ததில்லை. நாங்கள் வெட்டிக் கீழே அனுப்பிவிடுவோம். சேர்ப்பது தையல்காரிகள்.

எர்மீனியாவோடு இருந்த தையல்காரிகளில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒருத்தி ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டாள். ஒருத்திக்கு மகள் பெயரே ஞாபகமில்லை.

மிச்சம் ஒருத்தி.

மே 8, புதன்

போனை மூன்று தடவை எடுத்தேன், வைத்தேன்.

மே 9, வியாழன்

பேசிவிட்டேன். நான் தெயோலிந்தா என்றேன். எர்மீனியாவின் படங்களுக்கு நாட்ச் சேர்க்க ஆள் வேண்டும், எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நாளை மறுநாள் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மே 11, சனி

எழுதியே ஆக வேண்டும்.

பத்து அடிக்க ஐந்து நிமிடத்துக்கு வந்தாள். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். அட்டைகளையெல்லாம் தன் பக்கம் நகர்த்தச் சொன்னாள். இரண்டு அட்டைகளை எடுத்துக் கீழ் ஓரத்தை ஒன்றாகத் தட்டி, நகத்தை ஓரத்தில் கீழிருந்து மேலே ஓட்டினாள். சேரவில்லை, வேறொன்று. நாலாவதில் டக்கென்று சேர்ந்தது. எங்கள் தொழிற்சாலையில் தையல் கீழ் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். நான் மேலிருந்து அளந்துகொண்டிருந்தேன்.

அதன்பின் நிற்கவே இல்லை. முறைக்கிற ஃபவுஸ்தீனோ, அவன் எப்போதும் திட்டிக்கொண்டிருந்த கான்டீன்காரியோடு சேர்ந்தான். கண்கள் ஒரே மட்டத்தில் இல்லை, ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது, ஆனாலும் அது ஓர் ஆள் போலவே நிற்கிறது. கொரின் வாயைப் பொத்திக்கொண்டாள். துவார்த்தேயின் பாதி அவன் அப்பாவோடு சேர்ந்தது. ஜில் சாகுமுன் இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை; வீட்டை விற்கிற விஷயத்தில் ஆரம்பித்த சண்டை. துவார்த்தே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மாக்கு வேற வேலையே இல்லையா?" என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

முப்பது ஜோடி ஆயிற்று. மூன்று அட்டை மிச்சம். ஸுல்மீரா இதுவரை ஒவ்வொன்றையும் தேடித்தான் எடுத்தாள். இப்போது தேடவில்லை. இரண்டை நேராக எடுத்து என் முன்னால் வைத்துச் சேர்த்தாள்.

ஒன்று அவள். இன்னொன்று நான். கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது இரண்டு தடவை என்னை நானே தாண்டிப் போயிருக்கிறேன். மூலையில் பேட்டர்னுக்குப் போடுவது போலத் தேதி. வேலைநிறுத்தம் முடிந்த நாலாம் மாதம்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்குக் காட்டினா. அன்னைக்கே, ஈரம் காயறதுக்கு முன்னாடி கொண்டாந்து காட்டினா. கிழிச்சுப் போட்டுருவேன்னு சொன்னேன். எடுத்துட்டுப் போயிட்டா. அப்புறம் ஒரு படம்கூட என் கண்ணுல காட்டல."

"எனக்குக் காட்டவே இல்லடி."

"எப்படிக் காட்டுவா? என் பேர எடுத்தா வீட்டுக்கு வராதன்னு நீ சொன்னியாமே. பேரே சொல்லக்கூடாதுன்னா மூஞ்சிய எப்படிக் காட்டுவா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ரெண்டு மாசமா ஏன்டி சொல்லல ஏன்டி சொல்லலன்னு செத்தவள போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தேனே. வாயை அடைச்சது நானேதான். அவ பேஸ்மென்ட்ல பாய்லருக்குப் பின்னாடி மறைச்சு வச்சது என்கிட்டேருந்துதான்.

ஸுல்மீராவிடம் சொன்னேன்: "உன் புருஷனுக்கு அப்ப வாரம் மூணு தடவ ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணாங்க. வேலைக்கு வரலன்னா கம்பெனி இன்சூரன்ஸ் நின்னுடும்னுதான் நீ உள்ள போன. எனக்கு அது அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் கத்தினேன்."

"எனக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு" என்றாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த அறுபத்து மூன்றாவதை எடுத்தாள்.

அது எர்மீனியா. ஸுல்மீரா ஓரத்தை இரண்டு முறை தடவிவிட்டு என்னிடம் தந்தாள். இதுல நாட்ச் இல்ல, இது உன் டிபார்ட்மென்ட் என்றாள். வாங்கிப் பார்த்தேன். அரை அங்குல இடம் இல்லை. முகம் விளிம்பு வரை போகிறது. ஓரத்தில் இரண்டு முனையும் உள்ளே வளைந்த அம்புக்குறி. மடிப்பு என்பதற்கு நாங்கள் போடும் குறி.

எங்களையெல்லாம் ஆளுக்கொருத்தரோடு சேர்த்துத் தைத்துவிட்டு, தன்னை மட்டும் மடிப்பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் தேவையிருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். செவ்வாயும் வியாழனும் யார் வீட்டுக்கு வந்தாள்? ஆனால் எங்களைப் போலப் பிய்ந்து நிற்கவில்லை அவள். அதை மட்டும் மார்ச் மாதமே சரியாகச் சொன்னேன்.

மே 25, சனி

திறந்தாயிற்று. நல்ல கூட்டம். அறுபத்திரண்டு கண்ணாடியைக் கழற்றி, எர்மீனியாவின் படத்துக்கு ஒன்றை மட்டும் வைத்தோம். அவள் இடது இமை கொஞ்சம் தொங்கும். கண்ணாடியில் இரண்டு இமையும் தொங்க, பாதித் தூக்கத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேயர் பேசும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஸுல்மீரா என் விலாவில் இடித்தாள்.

சுவர் வாசகத்தை கொரின் மூன்றே வரியில் எழுதியிருந்தாள். பேட்டர்ன் வரைந்தவர், தையல்காரி, இந்த ஊர்க்காரர் என்று. துயரம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வந்தவர்கள் நிறையப் பேர் அழுதார்கள். ஃபவுஸ்தீனோவின் மகனும் கான்டீன்காரியும் அந்த ஜோடி முன்னால் வெகுநேரம் நின்றார்கள்.

பத்திரிகைக்காரன் மறுபடி வந்தான். முன்னே சொன்னது தப்பு, அதையும் போடு என்றேன். போட மாட்டான் என்று நினைக்கிறேன். போட்டால் கோட்டைக் கழற்றிய படமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

கண்காட்சி நேற்று முடிந்தது. ஜோடி ஜோடியாக அந்தந்தக் குடும்பங்களுக்கே கொடுத்துவிடுவது என்று துவார்த்தே முடிவு செய்துவிட்டான். அப்பாவையும் தன்னையும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறான்.

எங்கள் ஜோடியை யார் வீட்டில் வைப்பது? ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று கொரின் சொன்னாள், பாவம், நல்லெண்ணத்தில்தான். நானும் ஸுல்மீராவும் ஒரே நேரத்தில் முடியாது என்றோம். அப்புறம் சண்டை. என் வீட்டில் வெளிச்சம் அதிகம் என்றேன். உன் வீட்டில் ஈரப்பதம் என்றாள். சமையலறைப் புகை என்றாள். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஆறு மாதம் அவளிடம், ஆறு மாதம் என்னிடம் என்று முடிவாயிற்று.

முதல் ஆறு மாதம் அவள் வீட்டில். நாளை காலை சுத்தியலோடு போக வேண்டும். ஸுல்மீராவுக்கு ஓர் ஆணி நேராக அடிக்கத் தெரியாது.